குறுக்கு மூச்சு

அன்று வெலிமிரின் அடுக்களையில் கூடியிருந்தவர்கள்: 'இலோவாச்சா' கட்டடக்கலைக் கூடத்தின் நிறுவனர் அர்செனியே, அவருடைய உதவியாளர் துன்யா, 'மண்ணோடு உரையாடல்' பிரிவின் தலைவர், 'நிழலும் மௌனமும்' பிரிவின் தலைவர், இவர்கள் பேசுவதை எழுதிக்கொள்ள ஒருவர், பேசாதபோது படம் எடுக்க ஒருவர், எதற்கு வந்தோம் என்று தனக்கே தெரியாத மாவட்ட அலுவலகக்காரர் ஒருவர், வடக்குச் சுவர், தெற்குச் சுவர், அடுப்பு, பயனாளர்.

சுவர்களையும் அடுப்பையும் சேர்க்கச் சொன்னவர் அர்செனியே. கூட்டத்தில் அவையும் பங்கெடுக்கின்றன என்றார். கடைசியில் நிற்கும் பயனாளர் தான்தான் என்பது வெலிமிருக்குச் சற்றுப் பிந்தித்தான் புரிந்தது. நிற்கும் என்றால் நிஜமாகவே நிற்கும். வீட்டில் இருந்தது நாலு நாற்காலி.

வெலிமிருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. பிப்ரவரியில், பனி இறுகிக் கிடந்த முற்றத்தில், தோட்டத்துக் கோடியிலுள்ள கழிப்பறைக்குப் போகும்போது அவன் மனைவி சாவ்கா சறுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். ஆணி அடித்து அனுப்பிய மருத்துவர் சொன்னார்: "வீட்டுக்குள்ள கக்கூஸ் இருந்தா வீட்டுக்குப் போகலாம். இல்லன்னா வேற வீடு பாருங்க." வேறு வீடு என்பது பாஞ்செவோ நகரில் சாவ்காவின் தங்கை நெவெங்கா குடியிருக்கும் நாலாவது மாடி. அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் முந்தைய அரசாங்கத்தின் காலத்திலேயே நின்றுவிட்டது. இரண்டு பேர் சாவ்காவை நாற்காலியில் வைத்து மேலே தூக்கிப் போனார்கள். அதன்பிறகு அவள் இறங்கவில்லை.

வெலிமிர் ஸ்டார்ச் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவன். கட்டட வேலை அவனுக்குத் தெரியாது. மாவட்ட அலுவலகத்தில் போய்க் கேட்டான். "உங்க அதிர்ஷ்டம், இலோவாச்சாக்காரங்க கிராமத்து வீடு ஒண்ணு தேடிக்கிட்டிருக்காங்க. இலவசமா செஞ்சு தருவாங்க" என்றார்கள். அதிர்ஷ்டம் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் அவன் எழுந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"சொல்லுங்க வெலிமிர் ஐயா, நீங்க என்ன கனவு காண்றீங்க?" என்று அர்செனியே கேட்டார். குரல் கம்பளி போல இருந்தது. கழுத்தில் ஒரு கம்பளித் துண்டும் இருந்தது. மே மாதம்.

"கக்கூஸ் சார்."

எழுதுபவர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி நிறுவனரைப் பார்த்தார்.

"உள்ள. வீட்டுக்குள்ள. ஒரு குழாய், ஒரு கதவு. தாழ்ப்பாள் இருந்தா நல்லது."

அர்செனியே கண்ணை மூடிக்கொண்டார். பிரிவுத் தலைவர்களும் மூடிக்கொண்டார்கள். மாவட்டக்காரர் ஒரு கண்ணை மட்டும் மூடினார்.

"கேட்டீங்களா?" என்றார் அர்செனியே. "இவர் கக்கூஸ் கேக்கலை. கேக்கற மாதிரி இருக்கு, அவ்வளவுதான். தண்ணியோட இவருக்கு இருந்த உறவு அறுந்துபோச்சு, அதைத் தேடறார். அவசரப்பட்டு ஒரு கக்கூஸைக் கட்டிக் கொடுத்தோம்னா இவரோட தேடலைக் கொன்னவங்க ஆயிடுவோம். இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். ஒருத்தருக்குக்கூட அவர் கேட்டதைக் கட்டிக் கொடுத்ததில்லை. அதுதான் எங்க நேர்மை."

மாவட்டக்காரர் கை தட்டினார்.

வீட்டுக்கு வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்பும் வழக்கம் அந்த ஊரில் இல்லை. வெலிமிர் அலமாரியிலிருந்து ராக்கியாவை, வீட்டில் காய்ச்சிய பிளம் சாராயத்தை, எடுத்து எல்லோருக்கும் ஊற்றினான். தனக்கும் ஊற்றிக்கொண்டு, கோப்பையை உயர்த்தி, வந்தவர்களின் கண்ணைப் பார்த்து, "ஷிவெலி!" என்று வாழ்த்திக் குடித்தான். படம் எடுப்பவர் அந்த நொடியைப் பிடித்துக்கொண்டார். அது நல்ல படம். அதை வெலிமிர் பிறகு பலமுறை பார்க்க நேர்ந்தது.

அடுத்த வாரம் ஒரு லாரி வந்து வெள்ளை கன்டெய்னர் ஒன்றை முற்றத்தில் இறக்கிவிட்டுப் போனது. இரட்டைக் கண்ணாடிச் சன்னல். மின்சார ஹீட்டர். பிளாஸ்டிக் கதவு, ரப்பர் விளிம்பு, சாவியை இரண்டு சுற்றுச் சுற்றினால் பூட்டிக்கொள்ளும் பூட்டு. உள்ளே மூலையில் ஒரு சிறிய அறை. அதில் பீங்கான் கிண்ணம், பொத்தானை அழுத்தினால் தண்ணீர்.

"இதான்! இதேதான் சார்!" என்றான் வெலிமிர்.

"இது வடிவமைப்பாளர்களோட நலனுக்காக" என்றாள் துன்யா. கூச்சப்படும் பெண். அவனை மாமா என்று அழைப்பாள். "நீங்க பயன்படுத்த முடியாது மாமா. காப்பீட்டுப் பிரச்சினை."

வேலை ஆரம்பித்தது. வெலிமிரின் மகள் ஆஸ்திரியாவிலிருந்து அனுப்பிப் பொருத்திய பிளாஸ்டிக் சன்னல்களை முதலில் பிடுங்கினார்கள். பிளாஸ்டிக் பொய் சொல்லும் என்றார்கள். சுவரின் செங்கல் மேலுறையை உரித்தார்கள். செங்கல் கர்வம் பிடித்தது என்றார்கள். அடியிலிருந்த பழைய மண் சுவர் வெளியே தெரிந்ததும் 'மண்ணோடு உரையாடல்' பிரிவின் தலைவர் அதில் காதை வைத்து மதிய உணவு வரை நின்றார். என்ன சொன்னது என்று வெலிமிர் கேட்டான். "இன்னும் நம்பிக்கை வரலைங்குது" என்றார் அவர்.

பிறகு வியன்னாவிலிருந்தும் பெர்லினிலிருந்தும் இளைஞர்கள் வந்தார்கள். முற்றத்தில் மண்ணையும் வைக்கோலையும் கொட்டி, கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு மிதித்தார்கள். மிதிப்பதற்கு அவர்கள் பணம் கட்டியிருந்தார்கள். வேலியோரம் பக்கத்து வீட்டு யானோஷ் பீர் பாட்டிலோடு வந்து சாய்ந்து நின்றான்.

"டேய் வெலிமிர், உங்கப்பன் இதே சேத்தை மிதிச்சதுக்கு ஊரே சிரிச்சுது. இவங்க காசு குடுத்து மிதிக்கறாங்க. நீ டிக்கெட் போட்டிருக்கலாம்."

அர்செனியே வெலிமிரின் தோளில் கை வைத்தார். "உங்க முன்னோர் சுவர்ப் பூச்சுக்கு என்ன கலப்பாங்க? நினைவைத் தோண்டிப் பாருங்க. அவசரம் இல்லை."

தோண்டுவதற்கு அங்கே எதுவும் இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. வெலிமிர் யானோஷின் கையைப் பார்த்துக்கொண்டு, "பீர்" என்றான். யானோஷிடம்தான் சொன்னான்.

எழுதுபவர் எழுதினார். மறுநாள் காலையில் பீப்பாய்கள் வந்திறங்கின. தெற்குச் சுவர் முழுக்க பீர்ப் பூச்சு பூசினார்கள். கோடை முழுக்க அதில் குளவி மொய்த்தது. அந்தப் பூச்சைப் பற்றி அர்செனியே லிஸ்பனில் போய் ஒரு உரை நிகழ்த்திவிட்டு வந்தார். தான் சொன்னது பூச்சுக்கு இல்லை என்று வெலிமிர் இரண்டு முறை விளக்கப் பார்த்தான். "பாருங்க, மறைக்கறார். ரகசியத்தைக் காப்பாத்தறார்" என்று சொல்லி அவனை இன்னும் அதிகமாக மதித்தார்கள்.

கடைசியில் ஓட்டை போட்டார்கள்.

வடக்குச் சுவரில் ஒரு வரிசை, தெற்குச் சுவரில் அதற்கு நேர் எதிராக ஒரு வரிசை. கட்டில் உயரத்தில். ஒவ்வொன்றிலும் ஒரு ரொட்டி நுழையும். மூடிக்கொள்ள மரப்பலகைகள் இருந்தன. ஆனால் அவற்றை இழுத்துத் திறக்கும் கயிறு மட்டும்தான் உண்டு. மூடுவதற்கு ஒன்றும் இல்லை. வெலிமிர் கட்டிலுக்கும் ஓட்டைக்கும் நடுவில் நின்று பார்த்தான்.

"சார்... இது ப்ரோமாயா."

அங்கே பிறந்த யாருக்கும் அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. எதிரெதிர்த் திறப்புகளுக்கு நடுவே பாயும் காற்று. எதிரெதிராக இரண்டு சன்னலை அங்கே யாரும் திறந்து வைப்பதில்லை. வெந்துபோகிற ஆகஸ்டில் பேருந்தில் ஒருவர் சன்னலைத் திறந்தால் இன்னொருவர் எழுந்து போய் மூடுவார். கழுத்துப் பிடிப்பு, பல்வலி, சிறுநீரகக் கோளாறு, பிள்ளையில்லாமை, பக்கவாதம் எல்லாம் அந்தக் காற்றால்தான். இதை மருத்துவர்களும் சொல்வார்கள், சன்னலை மூடிவிட்டு.

"அந்தச் சொல்லை இங்க சொல்லாதீங்க" என்றார் அர்செனியே. முதல்முறையாக அவர் குரலில் கம்பளி இல்லை. "அது பயத்தோட சொல். இது குறுக்கு மூச்சு. வீடு தெற்கால இழுத்து வடக்கால விடுது. கோஷாவா அடிக்கும்போது நீங்க பார்க்கணும்."

கோஷாவாவை வெலிமிர் அறுபத்து மூன்று குளிர்காலமாகப் பார்த்துவந்திருந்தான். தென்கிழக்கிலிருந்து வந்தால் வாரக்கணக்கில் நிற்காத காற்று. ஓடுகளைக் கழற்றும், ஆட்களைச் சண்டைக்கு இழுக்கும்.

"மூடிக்க வழியில்லையே சார்."

"மூச்சை யாராவது மூடுவாங்களா?"

சொல்லிவிட்டு அர்செனியே கம்பளித் துண்டை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டு கன்டெய்னருக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரத்தில், கதவுக்கு அடியிலிருந்த விரலளவு இடுக்கில் உள்ளேயிருந்து ஒரு துவாலை திணிக்கப்படுவதை வெலிமிர் பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சாவ்கா தொலைபேசியில் கூப்பிடுவாள்.

"யோவ், கக்கூஸ் வந்துச்சா?"

"சுவர் முடிஞ்சிருச்சு. நல்லா இருக்கு. பீர் வாசனை."

"சுவரைக் கேக்கலைய்யா. இங்க நெவெங்கா நான் குளிக்கப் போனா கதவுக்கு வெளிய நின்னு 'தண்ணிய நிறுத்து, தண்ணிய நிறுத்து'ங்கறா. பால்கனியில உக்காந்து கீழ போற பஸ்ஸை எண்ணிக்கிட்டிருக்கேன். நான் இந்த நாலாவது மாடியில செத்துப் போனா சவப்பெட்டி அந்தப் படியில திரும்பாதுன்னு நெவெங்கா புருஷன் அளந்து பாத்துட்டான். என்கிட்டயே சொல்றான்."

"அடுத்த மாசம் நிச்சயம்."

"கதவு இருக்கும்ல?"

"கதவு இல்லாமலா?" என்றான் வெலிமிர். அவனுக்கு எதிரே துன்யா ஒரு வரைபடத்தை விரித்துக்கொண்டிருந்தாள்.

வரைபடத்தில் கழிப்பறை இருந்தது. பழைய இடத்திலேயே, தோட்டத்துக் கோடியில். கூடம் நீண்ட உரையாடலுக்குப் பிறகு ஒரு முடிவுக்கு வந்திருந்தது. அதை அறிவிக்க எல்லோரையும் தோட்டத்தில் கூட்டி அர்செனியே பேசினார்.

"நண்பர்களே, ஊர்க்காரன் ஏன் கழிப்பறையை வீட்டுக்கு வெளிய வெச்சான்? அறியாமையா? இல்லை. அவன் நடக்க விரும்பினான். தேவைக்கும் நிறைவேற்றத்துக்கும் நடுவில ஒரு இடைவெளி, அங்கதான் மனுஷன் சிந்திச்சான். நாங்க அந்த இடைவெளியை அழிக்க மாட்டோம். நீட்டுவோம். நடப்பதுதான் கட்டடக்கலை!"

அப்படியே நீட்டினார்கள். முன்பு முற்றத்தைக் குறுக்கே கடந்தால் போதும். இப்போது உருண்டைக் கற்கள் பதித்த பாதை தோட்டத்தைச் சுற்றி, பிளம் மரங்களுக்குப் பின்னால் மறைந்து, ஒரு மேட்டில் ஏறி, யானோஷின் வேலியை உரசி, திரும்பி வந்து சேர்ந்தது. 'சிந்தனைப் பாதை' என்று பலகை வைத்தார்கள். கழிப்பறையின் கதவைக் கழற்றிவிட்டு நாணல் தட்டி ஒன்றைத் தொங்கவிட்டார்கள். முதல் நாள் காற்றிலேயே தட்டி யானோஷின் கோழிக்கூண்டின் மேல் போய் விழுந்தது.

"சார், என் சம்சாரத்துக்கு இடுப்பு உடைஞ்சதே அந்த வழியில நடந்துதான்."

"தெரியும்" என்றார் அர்செனியே, அவன் கையைப் பிடித்துக்கொண்டு. "அந்தக் காயத்தை நாங்க மதிக்கிறோம். பாதை அவங்க விழுந்த இடத்துல லேசா வளையும்."

வெலிமிர் அன்று சாயங்காலமே வேண்டாம் என்று சொல்லிவிட்டான். பழைய வீட்டைக் கொடுத்துவிடுங்கள், பிளாஸ்டிக் சன்னலைக் கொடுங்கள், எப்படியாவது நானே ஒரு மூலையில் கட்டிக்கொள்கிறேன் என்றான். நான் எதற்கும் ஒத்துக்கொள்ளவே இல்லை என்றான். துன்யா தயங்கிக்கொண்டே மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். அடுக்களை. உயர்த்திய கோப்பை. மலர்ந்த முகம். அடியில் 'சமூக ஒப்புதல்' என்று எழுதியிருந்தது.

"அது ராக்கியா!"

"கண்ணைப் பார்த்து சொல்லியிருக்கீங்க மாமா."

கண்ணைப் பார்த்துத்தான் சொல்லியிருந்தான்.

அக்டோபரில் கோஷாவா வந்தது. முதல் நாள் வெலிமிர் தொப்பி போட்டுக்கொண்டு படுத்தான். மறுநாள் மேல்கோட்டும். மூன்றாம் நாள் தலையணைகளைக் கிழித்து ஓட்டைகளில் திணித்தான். வீடு முதல்முறையாக அமைதியானது. காலையில் தொலைபேசி அடித்தது. பெல்கிரேடிலுள்ள கூடத்திலிருந்து ஒரு குரல்.

"வெலிமிர் ஐயாவா? சுவர்ல கருவி வெச்சிருக்கோம், அது காட்டுது. வீட்டுக்கு மூச்சுத் திணறுது."

"எனக்கும் அப்படித்தாங்க இருக்கு."

"உங்களுக்குக் கருவி வைக்கலை. தலையணையை எடுத்துடுங்க."

எடுக்கவில்லை. கூடத்து ஆள் வந்து எடுத்தான். திரும்பவும் திணித்தான். திரும்பவும் ஆள் வந்து, இம்முறை தலையணைகளைக் கையோடு கொண்டுபோனான்.

அவன் ஒரு பையை எடுத்துக்கொண்டு பேருந்தேறி பாஞ்செவோவுக்குப் போனான். நெவெங்காவின் சோபாவில் ஒரு இரவு தூங்கினான். சாவ்கா பக்கத்தில் நாற்காலியைப் போட்டு அவன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலையில் கீழே ஒரு கார் நின்றது. நாலு மாடி ஏறி வந்து மூச்சிரைத்த அர்செனியே வாசலில் நின்று விளக்கினார். அந்த வீட்டில் ஹீட்டர் கிடையாது. குடியிருப்பவர்களின் உடம்புச் சூடுதான் வீட்டைச் சூடாக்குகிறது. கணக்கு அப்படி.

"மண், வைக்கோல், வெலிமிர். இதுதான் எங்க பொருள்கள். ஒண்ணை உருவினா கட்டடம் நிக்காது. நீங்க ஒரு ராத்திரி போனதுல வீடு ரெண்டு டிகிரி இறங்கிடுச்சு."

"கணக்குப்படி அந்த வீட்டுல எத்தனை பேரு?" என்றாள் சாவ்கா.

"ரெண்டு பேர் அம்மா. நீங்க இல்லாததால ஏற்கெனவே பற்றாக்குறை. ஆனா கவலைப்படாதீங்க, அதைச் சரி பண்ணிட்டோம்."

எப்படிச் சரி பண்ணினார்கள் என்பதை வெலிமிர் வீடு திரும்பியதும் பார்த்தான். கட்டிலின் சாவ்கா படுக்கும் பக்கத்தில் ஒரு வெள்ளை ஆடு கட்டியிருந்தது. பெண் ஆடுதான். அதன் எடையும் உடம்புச் சூடும் ஏறக்குறையப் பொருந்துவதாகச் சொன்னார்கள்.

அவன் இதை சாவ்காவிடம் சொல்லவில்லை. யானோஷ் தொலைபேசியில் சொன்னான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாவ்கா கூப்பிட்டபோது கக்கூஸைப் பற்றிக் கேட்கவில்லை.

"எனக்குப் பதிலா ஆடாய்யா?"

"அது தற்காலிகம்..."

"முப்பத்தெட்டு வருஷம்."

"சாவ்கா, அவங்க கேக்க மாட்டேங்கறாங்க. என்ன சொன்னாலும் எழுதிக்கறாங்க, ஆனா கேக்க மாட்டேங்கறாங்க."

"சரி, வை. நான் வரேன்."

எப்படி வருவாள் என்று அவனுக்குப் புரியவில்லை. வழியைக் கூடமே செய்து கொடுத்தது. ஐரோப்பிய 'வாழும் கிராமம்' விருதுக்கு அந்த வீடு இறுதிச் சுற்றுக்கு வந்திருந்தது. நடுவர் நேரில் வருகிறார். பயனாளர் குடும்பம் முழுமையாக இருக்க வேண்டும். ஆகவே மிதிக்க வந்த இளைஞர்களில் பலசாலிகள் இருவர் நாலு மாடி இறங்கி 'பெண் பயனாளரை' நாற்காலியோடு தூக்கிவந்து காரில் வைத்தார்கள். படம் எடுத்து முடிந்ததும் அவளைத் திரும்பக் கொண்டுபோய் மாடியில் சேர்க்க அதே கார் வாசலில் காத்திருக்கும் என்று துன்யா சொன்னாள். சொல்லும்போது அவள் சாவ்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

நடுவர் டென்மார்க்கிலிருந்து வந்த இங்கெபோர்க். நெட்டையான, சிவந்த, எப்போதும் சந்தோஷமான பெண்மணி. கோஷாவா ஒரு வாரமாக அடித்துக்கொண்டிருந்தது. அவர் மேல்கோட்டின் பொத்தானைக்கூடப் போடவில்லை. வெலிமிருக்கு முரட்டுக் கம்பளிச் சட்டை போட்டுவிட்டிருந்தார்கள். குளிர்பதனப் பெட்டியை நாணல் பாயால் மூடியிருந்தார்கள். தொலைக்காட்சியை ஆட்டுத் தீவனத்துக்கு அடியில் ஒளித்திருந்தார்கள். நடுவர் முன்னால் திறந்து காட்டுவதற்காக, தங்களிடம் மட்டும் இருந்த கொக்கியால் ஓட்டைப் பலகைகளை அன்று சாத்தி வைத்திருந்தார்கள். ஊர்ப் பாதிரியார் இருந்தார். மாவட்டக்காரரும் இருந்தார், இப்போதும் எதற்கென்று அவருக்குத் தெரியவில்லை.

சாவ்கா நடைச்சட்டத்தை ஊன்றி உள்ளே வந்தாள். வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். ஆட்டைப் பார்த்தாள். ஆடு அவளைப் பார்த்தது.

"இளைச்சிட்டய்யா" என்றாள் வெலிமிரிடம். பிறகு துன்யாவைக் கூப்பிட்டாள். "பொண்ணே, காரு குலுக்கினதுல எனக்கு அவசரமா வருது. எங்க?"

துன்யா வாசல் வழியாக வெளியே கை காட்டினாள். உருண்டைக் கற்கள், பிளம் மரங்கள், மேடு. சாவ்கா அந்தப் பாதையைக் கண்ணாலேயே நடந்து முடித்தாள். அதற்கே வெகுநேரம் ஆனது.

துன்யா குனிந்து அவள் காதருகே வந்தாள். "கன்டெய்னர்ல ஒண்ணு இருக்கும்மா. சாவி கதவுலயே தொங்குது. நான் சொன்னேன்னு..."

"நீ யாருன்னே எனக்குத் தெரியாதே" என்றாள் சாவ்கா.

அவள் மெல்ல வெளியேறியதை யாரும் கவனிக்கவில்லை. அர்செனியே பேச ஆரம்பித்திருந்தார்.

"கதவு என்பது ஒரு சந்தேகம். சன்னல் என்பது ஒரு கோழைத்தனம். நூறு வருஷமா நாம காற்றைக் கண்டு ஒளிஞ்சோம். அதுக்கு அசிங்கமான பேர் வெச்சோம். பிள்ளைகளை மிரட்டினோம். இந்த வீடு ஒளியலை. இங்க குடியிருக்கிறவங்க பயத்திலிருந்து விடுதலை அடைஞ்சவங்க. நான் அவங்ககிட்ட கத்துக்கிட்டேன். காற்று வரட்டும், நான் நெஞ்சைக் காட்டி நிப்பேன்!"

"அருமை" என்றார் இங்கெபோர்க். துன்யா மொழிபெயர்த்தாள். "அப்போ எல்லாத்தையும் திறங்க. எல்லாத்தையும் ஒரே நேரத்துல."

அர்செனியேயின் கை கழுத்துக்குப் போனது. "எல்லாத்தையுமா?"

நடுவரே போய்க் கயிற்றை இழுத்தார்.

கோஷாவா உள்ளே வந்தது. நாணல் பாய் எழுந்து பறந்து குளிர்பதனப் பெட்டி அம்மணமாக நின்றது. பாதிரியார் தொப்பியைப் பிடித்தார். மாவட்டக்காரர் இரண்டு கையாலும் சிறுநீரகங்களைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டினார். ஆடு கட்டிலுக்கு அடியில் போனது. படத்துக்கு வெளிச்சம் காட்ட விளக்கேந்தி நின்ற பிரிவுத் தலைவர்கள் இருவரும் விளக்கைப் போட்டுவிட்டு ஒருவர் முதுகுக்குப் பின் ஒருவர் ஒளியப் பார்த்துச் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

"ப்ரோமாயா!" என்று ஒரு அலறல் கேட்டது. "ப்ரோமாயா! சாத்துங்கடா! என் கழுத்து! எங்கம்மா எத்தனை தடவை சொன்னாங்க, சாத்துங்கடா!"

அர்செனியே கம்பளித் துண்டை வாய்வரை ஏற்றிக்கொண்டு நெஞ்சைக் காட்டாமல் முதுகைக் காட்டி ஓடினார்.

"என்ன சொல்றார்?" என்று இங்கெபோர்க் கேட்டார். முடி நேராகப் பின்னால் பறந்துகொண்டிருந்தது.

துன்யா கொஞ்சம் யோசித்தாள். "காற்றை வரவேற்கிற பழைய சொல்" என்றாள்.

இங்கெபோர்க்கின் கண் கலங்கியது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு காற்றைப் பார்த்து, "ப்ரோமாயா!" என்று கத்தினார். அங்கேயே, அப்போதே விருதை அறிவித்தார். விருதின் விதிப்படி வீட்டில் ஒரு பலகை மாறக்கூடாது, ஓர் ஓட்டை அடைபடக்கூடாது, குடியிருப்பவர் ஆயுள் உள்ளவரை அங்கேயே இருக்க வேண்டும். துன்யா இதை வெலிமிருக்கு மொழிபெயர்க்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டாள். பாதியே போதுமாக இருந்தது.

ஆயுள் உள்ளவரை. வெலிமிர் கட்டிலைப் பார்த்தான். சாவ்காவைத் தேடினான். அவளைத் தூக்கிவந்த நாற்காலி காலியாக இருந்தது. வாசலில் கார் இன்ஜினைப் போட்டு நின்றது. அவன் முற்றத்துக்கு வந்தான்.

கன்டெய்னர் கதவை அர்செனியே இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தார்.

"யாரு உள்ள? திறங்க! எனக்கு முக்கியமான போன் வருது!"

"பயனாளர்" என்றது உள்ளிருந்து சாவ்காவின் குரல்.

"அம்மா, இது ஊழியர்களுக்கானது. காப்பீடு..."

"அப்ப பாதையில போங்க. நல்லா வளைச்சு வளைச்சுப் போட்டிருக்கீங்களே. சிந்திச்சுக்கிட்டே போங்க."

"வெளிய ப்ரோமாயாம்மா!"

"முற்றத்துல எப்படிப்பா ப்ரோமாயா வரும்? இங்க அடிக்கறது வெறும் காத்து. படிச்சவரு, அதுகூடத் தெரியாதா?"

வேலியில் யானோஷ் விழுந்து விழுந்து சிரித்தான். அர்செனியே கன்டெய்னரைச் சுற்றிச் சுற்றிக் காற்றுப் படாத பக்கத்தைத் தேடினார். கோஷாவாவுக்கு அப்படி ஒரு பக்கம் கிடையாது.

வெலிமிர் படியேறி விரல் கணுவால் மெதுவாகத் தட்டினான்.

"யாரு?"

"நான்."

"நான்னா? பயனாளரா, என் புருஷனா?"

அவன் திரும்பித் தன் வீட்டைப் பார்த்தான். ஓட்டைகள் எல்லாம் திறந்திருந்தன. உள்ளே டென்மார்க்காரி கையைத் தூக்கியபடி நின்றாள். வீடு அழகாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"புருஷன்" என்றான்.

சாவி இரண்டு சுற்றுச் சுற்றிக் கதவு ஒரு ஆள் அகலத்துக்குத் திறந்தது. ஹீட்டரின் வெப்பமும், அப்போதுதான் தண்ணீர் இறங்கி அடங்கும் சத்தமும் முகத்தில் வந்து பட்டன. சாவ்கா அவன் கம்பளிச் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"சீக்கிரம் வாய்யா, குளிரு உள்ள வருது. அந்தத் துவாலையை எடு, அடியில திணி."

அவன் குனிந்து திணித்தான். அவள் கதவைச் சாத்தி, சாவியை இரண்டு சுற்றுச் சுற்றினாள்.